வாயைக் கட்டச் சொன்ன பெண்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, கிழக்குத் தாம்பரத்தில் எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. போகும்போது ஆட்டோ டிரைவரிடம் "ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவாப் போப்பா" என்று அதட்டிக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது கையை ஆட்டித்தான் அவருக்கு வழி காட்டினேன். கழுத்திலிருந்த கட்டி போய்விட்டது. கூடவே குரலும் போய்விட்டது.

என் குரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பிரேயரில் மைக் மக்கர் செய்தால் ஹெட்மாஸ்டர் என்னைத்தான் தேடுவார். மைதானத்தில் நின்று நான் 'அட்டென்ஷன்' சொன்னால், மதிலுக்கு வெளியே பஸ்ஸுக்காக நிற்பவர்களும் நிமிர்ந்து நிற்பதாக மற்ற டீச்சர்கள் கிண்டல் செய்வார்கள். என் கணவர் உயிரோடு இருந்தவரை, "மெதுவாப் பேசு, நம்ம சண்டைக்கு எதிர் பிளாட்காரர் தீர்ப்பு சொல்றார்" என்பார். அவர் போன பிறகு சண்டை போட ஆள் இல்லை. மகன் கனடாவில் இருக்கிறான். அந்தக் குரல் முழுவதும் சபைக்குப் போனது.

எங்கள் சபை ராஜகீழ்ப்பாக்கம் பக்கம், கீழே டயர் கடை, மேலே ஹால். ஜெபத்தில் நான் வாய் திறந்தால் கீழே டயரைத் தட்டும் சத்தம் அடங்கிவிடும். எங்கள் போதனையும் அப்படிப்பட்டது. வாயிலிருந்து எது புறப்படுகிறதோ அதுதான் நடக்கும். விசுவாசிக்கு அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது, அவன் கெஞ்சக் கூடாது, கட்டளையிட வேண்டும். 'ஜலதோஷம்' என்று எங்களில் யாரும் சொல்ல மாட்டோம். மூக்கைத் துடைத்துக்கொண்டே "சுகமா இருக்கேன் சிஸ்டர், ஸ்தோத்திரம்" என்போம். வெளியாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. கணவரைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவளை எழுப்பி நிற்க வைத்தது அந்த வார்த்தைகள்தான்.

கொரோனா சமயத்தில் ஹாலைப் பூட்டிவிட்டார்கள். அப்போது போன் ஜெபம் ஆரம்பித்தோம். என் நம்பரை ஒரு நோட்டீசில் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டார்கள். ஊர் திறந்த பிறகும் அந்த அழைப்புகள் நிற்கவில்லை. பெருங்களத்தூர், கேளம்பாக்கம், மறைமலை நகர் என்று எங்கெங்கிருந்தோ முகம் தெரியாதவர்கள் கூப்பிடுவார்கள். நான் ஒவ்வொருவரிடமும் வீடு எங்கே இருக்கிறது என்று அடையாளம் கேட்பேன். அந்த வீட்டை மனசில் நிறுத்திக்கொண்டு ஜெபிப்பது என் பழக்கம். விஷயம் புரிந்த உடனே, அவர்கள் பாதியில் இருந்தாலும், நான் ஆரம்பித்துவிடுவேன். வியாதியே போ, கடனே போ, குடியே போ. போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் கேட்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் சத்தமாக ஆமென் சொல்ல வைத்துத்தான் விடுவேன்.

இனி ஆபரேஷன் கதைக்கு வருகிறேன். டாக்டர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டு இருந்ததாம். "நரம்பு தளர்ந்து போயிருக்கும்மா. மெல்ல மெல்ல திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். அதுவரைக்கும் கஷ்டப்பட்டுப் பேசாதீங்க" என்றார். பேச முயன்றால் தொண்டையிலிருந்து காற்றுதான் வரும். பக்கத்தில் காதை வைத்துக் கேட்டால் மட்டும் ஏதோ சொல்கிறேன் என்று தெரியும்.

பாஸ்டரும் சபையார் சிலரும் வீட்டுக்கு வந்து, கை வைத்து, எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் எல்லார் முன்னாலும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இந்த ஈஸ்டர்ல நம்ம சிஸ்டர் இதே மைக்ல, சுகமாயிட்டேன்னு சாட்சி சொல்வாங்க. இது என் வார்த்தை இல்ல, கர்த்தருடைய வார்த்தை. ஆமென் சொல்லுங்க!" என்றார். ஹால் அதிரும்படி ஆமென் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. டாக்டர் சொன்ன 'திரும்பாமலும் போகலாம்' என்பதை அந்த நிமிஷமே துடைத்துப் போட்டேன்.

இந்த இடத்தில் பாஸ்டரைப் பற்றித் தவறாக நினைத்துவிடாதீர்கள். வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, யார் என்ன சாதி, என்ன மதம் என்று பார்க்காமல் சோற்று மூட்டைகளைத் தலையில் சுமந்தவர் அவர். அவர் சொன்னால் நடக்கும் என்று நாங்கள் நம்பியதற்குக் காரணம் இருந்தது.

ஈஸ்டர் வந்தது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். காலையில் கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தபோதும் காற்றுதான் வந்தது. ஆனால் எங்கள் போதனைப்படி, இல்லாததை இருக்கிறதாக நினைத்து அடியெடுத்து வைக்க வேண்டும். வைத்தால் கிடைக்கும். பாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். "சிஸ்டர் சாட்சி சொல்ல வராங்க" என்று அறிவித்தார். எழுந்து போனேன். மைக்கைப் பிடித்தேன். ஸ்தோத்திரம் என்று சொல்ல, மைதானத்தில் கத்துகிற மாதிரி நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்துத் தள்ளினேன்.

ஸ்பீக்கரில் 'ஹ்ஹ்ஹ்' என்று ஒரு இரைச்சல் வந்தது. இன்னொரு முறை தள்ளினேன். மறுபடியும் அதே இரைச்சல். பிறகு மைக் கீச்சென்று கத்தியது. கீபோர்டு வாசிக்கும் தம்பி சட்டென்று ஒரு பாட்டை எடுத்துவிட்டான், எல்லோரும் கை தட்டிப் பாட ஆரம்பித்தார்கள். அவர்கள் என்னை அவமானப்படுத்தவில்லை, என் அவமானத்தை மூடத்தான் பாடினார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கைதட்டலுக்கு நடுவே நான் என் நாற்காலிக்குத் திரும்பி நடந்தேன் பாருங்கள், அந்த நடை இன்னும் மறக்கவில்லை.

அதன் பிறகுதான் உண்மையான தனிமை ஆரம்பித்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. பாஸ்டரம்மா என் கையைப் பிடித்து, "சந்தேகம் மட்டும் உள்ள வந்துடக் கூடாது சிஸ்டர்" என்றார். பக்கத்துத் தெரு சிஸ்டர் ஒருத்தி வீடு தேடி வந்து, "மனசுல எதாவது இருந்தா ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிடுங்க, அதுதான் தடையா நிக்கும்" என்று ஆரஞ்சுப் பழங்களைக் கொடுத்துவிட்டுப் போனாள். கர்த்தருடைய வார்த்தை பொய்யாகாது. பாஸ்டருடைய விசுவாசமும் குறைவாக இருக்க முடியாது. மிச்சம் இருப்பது நான்தான். அவர்கள் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டேன். படியில் எதிரே வருகிறவர்கள் சிரித்துவிட்டு வேகமாக இறங்கிப் போனார்கள். என்னைப் பார்த்தாலே அவர்களுக்கு அந்த இரைச்சல் ஞாபகம் வந்திருக்கும். சில வாரங்களில் நோட்டீசில் என் நம்பரை எடுத்துவிட்டு வேறொரு சிஸ்டரின் நம்பரைப் போட்டார்கள். நியாயம்தான், ஊமைக்கு எதற்குப் போன்? ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வீட்டில் பகல் முழுக்க மின்விசிறிச் சத்தம்தான். தண்ணீர் கேன் போடுகிறவரைக் கூப்பிட பால்கனியில் நின்று என் பழைய பி.டி. விசிலை ஊதினேன். அவர் சைக்கிளிலிருந்து விழப் பார்த்தார். மார்க்கெட்டில் நான் விரலால் காட்டினால், காய்கறிக்காரம்மா எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "கத்திரிக்கா! அரை கிலோ! போதுமா!" என்று உயிர் போகக் கத்துவார். மகன் வீடியோ காலில் வருவான். அவன் பேசுவான், நான் தலையாட்டிக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஏதோ யோசனையில் ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. "அம்மா, ஸ்கிரீன் ஃப்ரீஸ் ஆயிடுச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனைக் கட் செய்துவிட்டான்.

இதெல்லாம் பரவாயில்லை. ஜெபம் போய்விட்டது, அதைத்தான் தாங்க முடியவில்லை. மனசுக்குள் ஜெபிக்க எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டால்தான் ஜெபித்த மாதிரி இருக்கும். முழங்காலில் நின்று வாயைத் திறந்தால் காற்று வரும், அந்தக் காற்றை வைத்துக்கொண்டு யாருக்குக் கட்டளையிடுவது? கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு எழுந்து போய் டீ போடுவேன். ஆண்டவரும் சபையாரோடு சேர்ந்து படியிறங்கிப் போய்விட்டதாக எனக்குத் தோன்றியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. நம்பரைப் பார்த்தேன், 'அனகாபுத்தூர்' என்று பதிந்து வைத்திருந்தேன். எடுத்து என்ன செய்யப் போகிறேன்? ஆனால் கை பழக்கத்தில் எடுத்துவிட்டது.

"அக்கா, நான்தான்க்கா, அனகாபுத்தூர். பை கம்பெனில தெக்கிறேன்னு சொன்னேனே. லைன்ல கீறீங்களா?"

எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால், மழைக்காலத்தில் கூப்பிட்ட பெண். நாகல்கேணி பக்கம் பை தைக்கும் கம்பெனியில் வேலை, கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான், பள்ளிக்குப் போகிற ஒரு பெண் குழந்தை, வயிற்றில் இன்னொன்று. அந்தக் கருவில் ஏதோ பலவீனம் இருப்பதாக டாக்டர் சொன்னார் என்று பயந்து கூப்பிட்டிருந்தாள். அவள் முடிப்பதற்கு முன்பே நான் ஆரம்பித்திருந்தேன். இந்தக் குழந்தைக்கு ஒரு சேதமும் வராது என்று கட்டளையிட்டேன். முடித்த பிறகு ஒரு பாடமும் சொன்னேன்: "இனிமே உன் வாய்ல தப்பா ஒரு வார்த்தை வரக் கூடாது. வாய்ல வந்தா வாழ்க்கையில வரும்."

இப்போது நான் பேச முயன்றேன். பின்னால் மிஷின்கள் ஓடும் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

"காத்து சத்தம்தான்க்கா வருது. பரவால்ல, நீங்க கேட்டா போதும். டீ டைம் முடியறதுக்குள்ள சொல்லிட்றேன். புள்ள தங்கலக்கா. அஞ்சாம் மாசமே போயிட்ச்சு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க ஜெபத்துல ஒண்ணும் கொற இல்லக்கா. நான்தான் கெட்துட்டேன். அன்னிக்கு மழ, வூட்டுக்குள்ள தண்ணி பூந்துட்ச்சு. அந்தாளு குட்ச்சிட்டு வந்து பட்துகினாரு. நான் ஒருத்தியே தண்ணிய மொண்டு ஊத்திகினு இருந்தேன். இடுப்பு விட்டுப் போச்சு. அந்தக் கடுப்புல, இந்தப் புள்ள எனக்கு வோணாம்னு கத்திட்டேங்க்கா. வாய்விட்டுக் கத்திட்டேன். கொஞ்ச நாள்ல போயிட்ச்சு. நீங்க சொன்னீங்களே, வாய்ல வந்தா வாழ்க்கையில வரும்னு. வந்துட்ச்சு."

என்னால் 'ஐயோ' என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

"இப்ப வூட்ல நான் யாராண்டயும் பேசறதே இல்லக்கா. இன்னா சொன்னா இன்னா ஆவுமோன்னு பயமாக்கீது. எம் பொண்ணு எதுனா சேட்ட பண்ணா திட்டு வாய் வரிக்கும் வந்துடுது, பயந்து பொத்திக்கிறேன். அதுக்கு ஒண்ணு ஆயிட்ச்சுன்னா? அதான் கூப்டேன். என் வாயக் கட்டி ஜெபம் பண்ணுங்கக்கா. இனிமே இந்த வாய்லேர்ந்து ஒண்ணும் வரக் கூடாது."

கம்பெனியில் பெல் அடித்தது. "போவணும்க்கா. மன்சுல வச்சிக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எத்தனையோ பேருக்கு ஜெபித்த காலத்தில், ஒருவர் இவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. முதல் தடவை அவள் கூப்பிட்டபோதே கணவனின் குடியைப் பற்றியும், ஒண்டியாக எல்லாவற்றையும் இழுப்பதைப் பற்றியும் சொல்ல வந்திருப்பாள். 'கரு' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். அது ஒரு பக்கம். இன்னொன்று அதைவிட அதிகமாகக் குத்தியது. பாஸ்டர் சொன்னது நடக்காதபோது குறை என்மேல் வந்தது. நான் சொன்னது நடக்காதபோது குறை இவள்மேல் போயிருக்கிறது. எனக்காவது யாரோ சாடையாகச் சொன்னார்கள். இவள் தானாகவே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு வீட்டில் நடமாடுகிறாள்.

போனில் தட்டி அனுப்பலாமென்று பார்த்தேன். அவளுடையது சாதாரண பட்டன் போன். தமிழில் அனுப்பினால் கட்டம் கட்டமாக வருகிறது என்று முதல் தடவை கூப்பிட்டபோதே சொல்லியிருந்தாள். நேரில் போவது என்று முடிவு செய்தேன். மறுநாள் ஞாயிறு, கம்பெனி லீவு, அவள் வீட்டில் இருப்பாள். ஆராதனையும் அன்று காலையில்தான். உடம்பு சரியில்லாத நாளில்கூட ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. அன்றைக்கு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, சபை இருக்கும் பக்கம் திரும்பாமல், தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் மின்சார ரயில் ஏறினேன்.

பல்லாவரத்தில் இறங்கி, 'அனகாபுத்தூர், ஆற்றங்கரை, மாதா கெபி' என்று போனில் எழுதி ஷேர் ஆட்டோக்காரரிடம் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, பேச்சு வராதா? குந்து குந்து, நான் எறக்கி வுட்றேன்" என்று முன் சீட்டில் ஆளை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார். பம்மல் தாண்டுகிற வரை, பேச்சு வராத தன் அத்தை பையன் ஒருவனைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். நான் தலையாட்டினேன்.

மாதா சிலை இருக்கும் அந்தக் கெபிக்கு எதிரில் தறிச் சத்தம் கேட்கும் சந்து என்று அவள் முன்பு சொன்ன அடையாளம் சரியாக இருந்தது. ஒரே ஒரு தறிதான் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு மழைத் தண்ணீர் நின்ற கறை. ஒரு வீட்டு வாசலில் அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகம் தெரியாது, ஆனால் அவள்தான் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்று பின்னல் போட்டுவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்த குழந்தைக்கு அவள் வாயால் பதில் சொல்லாமல் கையைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் என் போனை எடுத்து அவள் நம்பரை அடித்தேன். உள்ளே போன் ஒலித்தது. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து வந்தவள், திரையைப் பார்த்துவிட்டு, வாசலில் போனோடு நிற்கும் என்னைப் பார்த்தாள்.

உள்ளே கூட்டிப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் கழுத்துத் தழும்பைக் காட்டி, கையை விரித்தேன். புரிந்துகொண்டு வாயில் கை வைத்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை என் முட்டியைத் தொட்டு, "நீயும் பேச மாட்டியா?" என்று கேட்டது.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து போய் ஃபேனை அணைத்தேன். அவள் தோளைப் பிடித்து இழுத்து, அவள் காதில் என் வாயை வைத்தேன். டாக்டர் வேண்டாம் என்றது ஞாபகம் இருந்தது. இருக்கட்டும் என்று இருக்கிற காற்றையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"உன்னால இல்ல."

அவள் காது கொடுத்தபடியே நின்றாள். கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "உன் வார்த்தையால போகல. நான் சொல்லிக் கொடுத்தது தப்பு. உன்னால இல்ல."

ஹால் அதிர ஜெபித்தவள் நான். வாழ்க்கையிலேயே அவ்வளவு மெதுவாக எதையும் சொன்னதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. அவள் அப்படியே என் தோளில் சாய்ந்து, வாய்விட்டு அழுதாள். பூட்டி வைத்திருந்த சத்தம் முழுக்க வெளியே வந்தது. குழந்தை பயந்து அவள் காலைக் கட்டிக்கொண்டது. அவள் அழுதுகொண்டே குனிந்து, "ஒண்ணும் இல்லடி, அம்மா கீறேன், அம்மா கீறேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது.

டீ போட்டுக் கொடுத்தாள். நிறையப் பேசினாள். வேலை, வீட்டுக்காரர், தண்ணீர் புகுந்த நாள், பெயர்கூட வைக்காமல் போன குழந்தை. நான் குறுக்கே பேசவில்லை, பேசவும் முடியாது. நடுவில் குழந்தை டம்ளரைத் தட்டிவிட்டபோது, "சனியனே" என்று கத்திவிட்டாள். கத்திவிட்டுத் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டாள்.

கிளம்பும்போது பழக்க தோஷத்தில் அவள் தலையில் கை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது, எதை வைத்து ஜெபிப்பது? கை அங்கேயே இருக்க, நான் விழித்துக்கொண்டு நின்றேன்.

அவள் என் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். "எனக்கு உங்கள மாரி அழகா எல்லாம் வராதுக்கா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்கிற மாதிரி சொன்னாள்.

"ஏசப்பா, இந்த அக்காவுக்குக் குரலக் குடு. குடுக்கலன்னாலும் கூட இரு."

ஜெபம் அவ்வளவுதான். ஆமென்கூட அவள் சொல்லவில்லை.

எங்கள் சபையில் யாரும் இப்படி ஜெபிக்க மாட்டார்கள். 'குடுக்கலன்னாலும்' என்ற வார்த்தைக்கு அங்கே இடமே கிடையாது, அது அவிசுவாசம். நானே எத்தனையோ பேரை அப்படிச் சொன்னதற்காகக் கண்டித்திருக்கிறேன். ஆனால் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து எனக்காக எழுந்த அத்தனை சத்தத்திலும், குரல் இல்லாத நானும் ஒரு ஆள்தான் என்று எண்ணிப் பேசியது இந்த ஒரு வரிதான். மற்ற ஜெபங்களெல்லாம் வரப்போகிற என் குரலோடு பேசின. இவள் என்னைப் பற்றிப் பேசினாள். திரும்பி வரும்போது ரயிலில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாம்பரம் வரை அழுதேன். அது நல்ல அழுகை.

பல மாதங்கள் கழித்துக் குரல் பாதி திரும்பியது. கரகரப்பாக, பாதியில் உடையும் குரல். பாஸ்டர் சொன்ன வார்த்தை நிறைவேறிவிட்டது என்று ஒரு பிரதர் எனக்குப் பதிலாகச் சாட்சியே சொல்லிவிட்டார். ஈஸ்டர் எப்போதோ போய்விட்டதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் விட்டுவிட்டேன். இன்னும் அதே சபைக்குத்தான் போகிறேன், கடைசி வரிசையில் உட்காருகிறேன். பாஸ்டர் இன்றும் என்னிடம் அன்பாகத்தான் இருக்கிறார். ஆனால் அனகாபுத்தூரில் நான் அவள் காதில் சொன்ன அந்த 'உன்னால இல்ல' என்ற வார்த்தையை அவர் என்னிடம் இதுவரை சொல்லவில்லை. ஒரு நாள் சொல்வார் என்று எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, மறைப்பானேன்.

பழைய நம்பருக்கு எப்போதாவது யாராவது கூப்பிடுகிறார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை இப்போது நான் வாயே திறப்பதில்லை. பிறகு இருக்கிற குரலில் ஜெபிக்கிறேன். வியாதியே போ என்று இன்னும் கட்டளையிடத்தான் செய்கிறேன், இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? ஆனால் முடிக்கும் முன் அவள் சொன்னதைச் சேர்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் எனக்காக அதைச் சொல்ல வேறு ஆள் இல்லை. அதனால் தினமும் விளக்கை அணைக்கும் முன் நானே எனக்காகவும், காதில் சொல்கிற அளவு மெதுவாக, சொல்லிக்கொள்கிறேன்: குடுக்கலன்னாலும் கூட இரு.